கப்பலில் ஒரு ஃபார்மல் நைட்: கவுனா, தாவணியா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் குடும்பத்தோடு சேர்ந்து நான்கு இரவு கப்பல் சுற்றுலா போகிறோம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். அதில் ஒருநாள் ‘ஃபார்மல் நைட்’ உண்டாம், எல்லோரும் எடுப்பாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் இரவு. கொழுந்தனார் மகள் தான் வாங்கிய கவுனை போட்டோ எடுத்து அனுப்பியதிலிருந்து, என் 16 வயது மகளும் அதேபோல் தரை தொடும் கவுன்தான் வேண்டும் என்று நிற்கிறாள். ஆன்லைனில் அவள் காட்டுவதெல்லாம் ஏழாயிரம், எட்டாயிரம். கை இல்லாத கவுன் வேறு. “உனக்குக் கை கொஞ்சம் பருமன், நல்லா இருக்காது” என்று சொன்னதற்கு இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட வரும் மாமியாரோ, “வயசுப் பொண்ணுக்குப் பாவாடை தாவணியை விடவா?” என்கிறார். 13 வயது மகன் ஜெர்சியும் ஷார்ட்ஸும் தவிர எதையும் போட மாட்டேன் என்கிறான். கணவர் அவனுக்குக் கோட் தைக்கலாம் என்கிறார். ஏதாவது தப்பாக உடுத்திப் போய், சாப்பாட்டு ஹாலில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டால் கொழுந்தனார் குடும்பத்துக்கு முன்னால் தலைகுனிவாகிவிடுமே. என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: உங்கள் கடைசிக் கவலையை முதலில் முடித்துவிடுவோம். பாதி பாரம் அதிலேயே இறங்கிவிடும்.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஃபார்மல் நைட், இங்கிலாந்தின் சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் ‘குவீன் மேரி 2’ போன்ற கப்பலில் நடப்பது. அங்கே விருந்து இரவென்றால் ஆண்களுக்கு அடர் நிற சூட், டை என்று இன்றைக்கும் ஓரளவு கண்டிப்பு உண்டு. அந்தக் கப்பல்களிலேயே அவரவர் நாட்டு மரபு உடையில் வந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் போகும் சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் வழியில் ஓடுபவை விடுமுறைக் குடும்பங்களை நம்பி ஓடும் கப்பல்கள். எந்தக் கப்பல் என்று நீங்கள் எழுதவில்லை. ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பலாக இருந்தால், மூன்று முதல் ஐந்து இரவுப் பயணத்தில் ஒரே ஒரு இரவைத்தான் இப்படி வைக்கிறார்கள். பெரும்பாலும் அது கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே இருக்கும் நாளின் இரவாக இருக்கும். அன்றைக்கும் பெரிய டைனிங் ஹாலில் பட்டுப்புடவை ஒரு மேசையில், சாதாரணச் சட்டை பேன்ட் அடுத்த மேசையில் என்று கலந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் கை இல்லாத பனியனோடும் வந்தால்தான் தடுப்பார்கள். உடுத்திக்கொண்டு போகவே பிடிக்காதவர்களுக்கு மேல் தளத்தில் பஃபே திறந்தே இருக்கும். அங்கே எந்த உடை விதியும் பெரிதாகக் கிடையாது. ஆக, உங்களைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. டிக்கெட்டோடு வந்த குறிப்பில் உடை பற்றி ஒரு பக்கம் இருக்கும், அதை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, இப்போது மகள். கவுன் விஷயம் பிறகு. அந்தக் ‘கை பருமன்’ என்ற பேச்சை முதலில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இது சகஜம்தான், அக்கறையோடுதான் சொல்கிறோம். ஆனால் 16 வயதுப் பெண் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே இதைவிட நூறு மடங்கு சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மாவும் அதையே சொன்னால் அந்தக் கவுனை வாங்கிக் கொடுத்தாலும் அவள் போட்டோவுக்கு நிற்க மாட்டாள். நின்றாலும் தங்கையையோ தம்பியையோ முன்னால் இழுத்து விட்டுப் பின்னால் ஒளிவாள். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் எந்த மாதிரிக் கை வேண்டும் என்று அவளையே கேளுங்கள். கை வைத்துத் தைக்கலாமா, மேலே மெல்லிய ஷ்ரக் போடலாமா, இல்லை கை இல்லாமலேயே இருக்கட்டுமா என்பது அவள் முடிவு. ஷ்ரக் எப்படியும் வேண்டும். கப்பலின் தியேட்டரிலும் டைனிங் ஹாலிலும் ஏசி பற்களைக் கிட்டிக்க வைக்கும். இதை உடம்போடு சேர்க்காமல், குளிருக்காக என்றே சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

கவுன் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு இரவு மட்டும் போட்டுவிட்டு அலமாரியில் தொங்கவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை. உங்களிடம் கட்டாமல் கிடக்கும் பட்டுப்புடவை ஒன்று இருக்குமே, கல்யாணத்துக்கு வந்த சீர்ப் புடவைகளில் ஏதாவது? அதை அவளிடம் காட்டி, இதில் உனக்குப் பிடித்த மாதிரி நீள கவுன் தைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்குப் பட்டும் ஆச்சு, பேத்திக்குக் கவுனும் ஆச்சு. ஆனால் கேளுங்கள், அறிவிக்காதீர்கள். முடியாது, எனக்கு அந்த ஒயின் கலர் ஜார்ஜெட்தான் வேண்டும் என்றால், உங்களால் கொடுக்க முடிந்த தொகையைச் சொல்லிவிட்டு அதற்குள் அவளையே தேர்வு செய்ய விடுங்கள்.

புடவையில் தைப்பதென்றால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் புடவையை வெளிச்சத்தில் பிரித்து, வருடக்கணக்காக மடித்திருந்த கோடுகளில் இரண்டு கை விரல்களாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பழைய பட்டு அங்கேதான் முதலில் விட்டுப்போகும், ஜரிகையும் அங்கேதான் ஒடியும். நூல் விலகினால் அந்தப் பகுதியைத் தவிர்த்துத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு புடவை எடுங்கள். ஐந்தரை மீட்டர் துணியில் நல்ல சுற்று வரும். பார்டர் கீழே வரட்டும், முந்தானையை மேலுடம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். உள்ளே காட்டன் லைனிங் கட்டாயம். பக்கவாட்டுத் தையலில் இரண்டு புறமும் ஒன்றரை இன்ச் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த தீபாவளிக்கும், அதற்கடுத்து வரும் ஏதோ ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பட்டில் தையல் பிரித்த ஓட்டை கொஞ்சம் தெரியும் என்று டெய்லர் முனகுவார். லேசாகத்தான் தெரியும், பரவாயில்லை.

நீளத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தரை தொடும் கவுன் போட்டோவில் அழகு. கப்பலில் மாடிப்படிகள் அதிகம், ஃபார்மல் நைட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு லிஃப்ட் முன்னால் கூட்டம் நிற்கும், பிள்ளைகள் படியில்தான் ஓடுவார்கள். திறந்த டெக்குக்குப் போகும் கதவுகளில் கால் இடறும் வாசல்படி இருக்கும். எந்தச் செருப்போடு போடப் போகிறாளோ அதைப் போட்டு நிற்கவைத்து, தரையிலிருந்து இரண்டு இன்ச் மேலே அளவெடுங்கள். செருப்பு தட்டையாகவோ, அகலமான குட்டைக் குதிகாலோடோ இருக்கட்டும். அமைதியான கடலிலும் கப்பல் லேசாக ஆடும், பென்சில் ஹீல் அதற்கு ஆகாது. இன்னொன்று காற்று. மேல் டெக்கில் அடிக்கும் காற்றில் லேசான ஜார்ஜெட்டும் ஷிஃபானும் தலைக்கு மேல் போகும். பட்டுக் கரையின் கனம் அங்கே கைகொடுக்கும். ஜார்ஜெட்தான் என்றால் உள்ளே டைட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுங்கள், அவள் நிம்மதியாக நடப்பாள். பயணத் தேதியையும் அவள் மாதத் தேதியையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துக்கொண்டு துணியின் நிறத்தை முடிவு செய்வதும் நல்லது. நாப்கின் தேவையானதை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், கப்பல் கடையில் விலை அதிகம்.

உங்கள் மாமியாரின் தாவணி யோசனையை நான் தள்ளிவிடவில்லை. பாவாடை தாவணி அந்த ஹாலில் எந்த கவுனுக்கும் குறைந்ததில்லை. ஆனால் பத்து ஊக்கு குத்திய தாவணியோடு, சாப்பிட்டு முடித்ததும் டீன் கிளப்புக்கு ஓட அவளால் முடியாது. 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய கப்பல்களில் தனி இடம் இருக்கும். முதல் நாளே அங்கே சிநேகிதம் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவர்களைச் சாப்பாட்டு மேசையில்தான் பார்ப்பீர்கள். பாட்டியின் ஆசைக்கு வேறு இடம் இருக்கிறது. பினாங்கில் இறங்கும்போது தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக நேரம் கிடைத்தால், அன்றைக்குக் காட்டன் சுடிதாரும் துப்பட்டாவும் பூவும் என்று பாட்டி சொல்படி நடக்கட்டும். புக்கெட்டில் வாட் சலோங் என்ற புத்தர் கோயிலுக்குப் போனாலும் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், அதே துப்பட்டா அங்கேயும் உதவும்.

மகனுக்குக் கோட் வேண்டவே வேண்டாம். 13 வயதுப் பையன் டெய்லர் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதற்குள் வளர்ந்துவிடுவான். அவனிடம் ஏற்கெனவே பாதி உடை இருக்கிறது: பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ. நன்றாகப் பாலிஷ் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதோடு கருநீல நிறத்தில் ஒரு பேன்ட், உள்ளே மடித்துத் தைத்தது, வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். காலர் வைத்த முழுக்கைச் சட்டை ஒன்று. இன்னும் கொஞ்சம் எடுப்பாக வேண்டுமென்றால் சட்டைக்கு மேல் நேரு காலர் வெயிஸ்ட்கோட், அதுவும் அவன் ஒத்துக்கொண்டால் மட்டும். வெல்க்ரோ வேட்டி பற்றி உங்கள் கணவர் யோசிக்கலாம். ஹாலுக்குள் கம்பீரமாக இருக்கும். அதோடு மேல் டெக்குக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

ஜெர்சிக்கு என்ன செய்வது? நாலு நாளில் மூன்றே முக்கால் நாள் ஜெர்சியும் ஷார்ட்ஸும் போட்டுக்கொள், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம், ஒரு இரவு இரண்டு மணி நேரம் மட்டும் காலர் சட்டை என்று பேரம் பேசுங்கள். அதற்கும் முறைத்தால், அப்பாவோ சித்தப்பாவோ அவனோடு பஃபேயில் சாப்பிடட்டும். அந்த வயதுப் பையனுக்கு அதிகப்படியான தட்டுகளும் ஸ்பூன்களும் வைத்த மேசையைவிட அதுவே பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. குடும்ப போட்டோ இரண்டு பேர் குறைவாக வரும், வரட்டும். போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றிரவு நடுக்கூடத்தில் திரை கட்டிக் கப்பல் போட்டோகிராபர்கள் நிற்பார்கள். அவர்கள் எடுக்கும் எல்லாவற்றையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை, விலையும் அதிகம். அப்புறம், இரண்டு குடும்பமும் ஒரே நிறத்தில் உடுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். கல்யாண வீட்டுப் பரிமாறும் ஆட்களைப் போலிருக்கும், அதைவிட முக்கியம், பிள்ளைகள் தேர்ந்தெடுத்த உடையெல்லாம் வீணாகிவிடும்.

அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள். தீ பயத்தால் கேபினில் தடை, பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பட்டு கவுனை வெள்ளை வேட்டியில் சுற்றி, தளரச் சுருட்டி வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஹேங்கரில் மாட்டி, யாராவது வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக்கு வெளியே கதவோரம் ஆவி லேசாகப் படும்படி தொங்கவிட்டால் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும். உள்ளே மாட்ட வேண்டாம், பட்டில் தண்ணீர் தெறித்தால் கறை நிற்கும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்பு என்பதால், நல்ல கனம் தாங்கும் காந்தக் கொக்கிகள் நாலைந்து வாங்கிப் போனால் எல்லார் துணியையும் மாட்டலாம். அலமாரி சின்னதாகத்தான் இருக்கும்.

கப்பல் ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகிவிடும். அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களில் முதல் இரவும் கடைசி இரவும் யாரும் அலங்காரமாக உடுத்த மாட்டார்கள், பெட்டி பிரித்திருக்காது, இல்லை கட்டியாகியிருக்கும் என்பதால். இப்போதும் அதே கதைதான். முதல் ராத்திரிக்கு மாற்றுடை, நீச்சல் உடை, மருந்து, நகை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கடைசி ராத்திரி பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், மறுநாள் கரையில்தான் கிடைக்கும். மறுநாள் காலை போட வேண்டிய துணியையும் செருப்பையும் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். மகன் பெட்டியை மட்டும் நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.