பார்க்காததும் நினைவிருக்கும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எம்.ஜி.ஆர். இறந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ராஜாஜி ஹாலுக்குப் போனார். அந்தக் கூட்டம், அப்பாவின் தலைமுடியில் எண்ணெய் வாசனை, தூரத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரைக் கிடத்தியிருந்தது எல்லாம் இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. போன மாதம் என் பையனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா குறுக்கிட்டு, "அப்போ நாம மதுரையில இருந்தோம். அப்பா மட்டும்தான் ரயிலேறிப் போனாரு. உனக்கு ரெண்டு வயசு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா இப்போது இல்லை. நடந்ததன் நினைவுக்கும் நடக்காததன் நினைவுக்கும் மனதுக்குள் ஒரு வித்தியாசமும் இருக்காதா? அந்தத் தோளும் பொய்தானா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: நினைவுகொள்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணெய் வாசனை வரைக்கும் விவரம் இருப்பதோ, சொல்லும்போது தொண்டை அடைப்பதோ, சத்தியம் பண்ணும் அளவுக்கு உறுதி இருப்பதோ, எதுவுமே அது நடந்ததற்கு சாட்சி ஆகாது. 1987 டிசம்பரில் உங்களுக்கு இரண்டு வயது என்றால் அம்மா சொல்வதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் மிஞ்சுவதில்லை.

குழந்தைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்பதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ழான் பியாஜேவுக்கே இது நடந்திருக்கிறது. பாரிஸில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த தன்னை ஒருவன் கடத்த வந்ததும், ஆயா போராடித் தடுத்ததும், அவள் முகத்தில் விழுந்த கீறல்களும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தன. அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்த ஆயா கடிதம் எழுதி, எல்லாம் தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாக வாங்கிய கைக்கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் சொல்லக் கேட்டது அவருக்குக் காட்சியாகிவிட்டிருந்தது. உங்களுக்கு அப்பா சென்னையிலிருந்து வந்து சொன்ன கதை இருக்கிறது, பிறகு டிவியில் பார்த்த காட்சிகள் இருக்கின்றன. மனம் துண்டுகளைத்தான் வைத்துக்கொள்கிறது. நினைக்கும்போதெல்லாம் அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது, பார்த்ததா கேட்டதா என்ற கணக்கை வைத்துக்கொள்வதில்தான் அது ரொம்பப் பலவீனம்.

தெளிவைப் பற்றி இன்னும் ஒன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாளே டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் தலரிகோவும் டேவிட் ரூபினும் 54 மாணவர்களிடம், செய்தியைக் கேட்டது எப்படி என்பதையும், கூடவே அந்த வாரத்தில் நடந்த சாதாரண நிகழ்ச்சி ஒன்றையும் எழுதி வாங்கினார்கள். வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பக் கேட்டபோது இரண்டு நினைவுகளும் ஒரே அளவுக்கு மாறிப்போயிருந்தன. ஆனால் சாதாரண நினைவு மங்கியதாக உணர்ந்த அதே மாணவர்கள், தாக்குதல் பற்றிய நினைவு மட்டும் அன்று போலவே துல்லியமாக இருப்பதாக நம்பினார்கள்.

சரி, மூளைக்குள்ளாவது தடயம் இருக்காதா? கொஞ்சம் இருக்கிறது. கட்டில், ஓய்வு, கனவு என்று ஒரே பொருளைச் சுற்றிய சொற்களைக் கேட்டவர்கள், பட்டியலிலேயே இல்லாத 'தூக்கம்' என்ற சொல்லையும் கேட்டதாக உறுதியாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்து 2001இல் ராபர்டோ கபேசா குழுவினர் மூளையை ஸ்கேன் செய்தபோது, நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி உண்மைக்கும் பொய்க்கும் ஒரே மாதிரிதான் இயங்கியது. அதை ஒட்டிய, புலன் விவரங்களைக் கையாளும் ஒரு பகுதி மட்டும் உண்மையில் கேட்ட சொற்களுக்குக் கூடுதலாக இயங்கியது. ஆனால் இது பலரைச் சேர்த்து சராசரி எடுத்தால் தெரிவது. உங்கள் ஒரு நினைவை ஸ்கேனரில் வைத்து நிஜமா பொய்யா என்று சொல்ல இது உதவாது.

இது குடும்பக் கதையோடு நின்றால் பரவாயில்லை. 1984இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு மாணவி, உயிர் பிழைத்தால் அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்திலேயே தாக்கியவன் முகத்தைக் கூர்ந்து பார்த்து வைத்தார். போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார், பிறகு ஆட்களை வரிசையாக நிறுத்தியபோதும் அவரையே காட்டினார், போலீசாரும் போட்டோவில் காட்டிய அதே ஆள்தான் என்றார்கள், அந்த மாணவியின் உறுதி இறுகிவிட்டது. 1987 மறுவிசாரணையில் பாபி பூல் என்பவனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, இவனைப் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டிஎன்ஏ சோதனை, குற்றவாளி பூல்தான் என்று காட்டியது. அதற்குள் காட்டன் பத்து வருடங்களுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். உண்மை தெரிந்த பிறகும் அந்த இரவை நினைத்தால் காட்டனின் முகமே வந்ததாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. சாட்சி எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பதை வைத்து ஒருவரை சிறைக்கு அனுப்புவது எனக்கு இன்றும் தாங்க முடியாத விஷயம்.

அந்தத் தோளுக்கு வருகிறேன். என் ஊகம், அது பொய் இல்லை. இடம்தான் மாறியிருக்கிறது. ஏதோ ஒரு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அப்பா உங்களைத் தூக்கி வைத்திருந்திருப்பார், அந்த வாசனை அங்கிருந்து வந்திருக்கும். ஆனால் இதைப் படித்ததும் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தோளில் இருந்து பார்த்ததாக ஒரு காட்சி உங்களுக்குத் தோன்ற ஆரம்பித்தால் அதையும் நம்பிவிடாதீர்கள், அது நான் கொடுத்ததாக இருக்கலாம்.

அம்மா சொன்னதும் ஒரு நினைவுதான். அப்பாவோடு பிறந்தவர்களோ கூடப் போனவர்களோ இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். "அப்பா என்னைத் தூக்கிட்டுப் போனாரா?" என்று கேட்க வேண்டாம். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் செய்த சோதனையில், படத்தில் பார்த்த கார் விபத்தைப் பற்றிக் கேட்கும்போது 'மோதின' என்பதற்குப் பதில் 'மோதி நொறுங்கின' என்று கேட்டதற்கே, ஒரு வாரம் கழித்து 50 பேரில் 16 பேர் இல்லாத கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 'மோதின' என்று கேட்கப்பட்ட குழுவில் 7 பேர்தான். அதனால், "அன்னிக்கு யார் யார் போனீங்க, எப்படிப் போனீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்களைப் பேச விடுங்கள். சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.