கடைசியில் வரும் பாட்டை முதலில் கேளுங்கள்

கேள்வி: ஓராண்டாகக் கிளாசிக்கல் கிட்டார் பயில்கிறேன். ஆங்கிலேயர் இசை மட்டும் அடங்கிய கிட்டார் ஆல்பம் ஒன்றைக் கேட்குமாறு ஆசிரியர் சொன்னார். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய இசையமைப்பாளர் ஜான் டவ்லண்டின் இசை உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘நாக்டர்னல்’ என்ற கிட்டார் படைப்பு மட்டும் எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. என் செவிக்குப் பயிற்சி போதவில்லையா?

பதில்: குறை உங்கள் செவியில் இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதைப் பலவிதமாக மாற்றி வளர்க்கும் இசையில், மூலப் பாட்டு முதலில் ஒலிப்பதும் மாறுபாடுகள் அதைத் தொடர்வதுமே வழக்கம். கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீம் வாசிப்பதற்காக 1963-இல் ‘நாக்டர்னல்’ எழுதிய பிரிட்டன், இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். எட்டு மாறுபாடுகள் முன்னே வந்துவிடுகின்றன. அவையெல்லாம் எதிலிருந்து பிறந்தனவோ அந்தப் பாட்டு, அதாவது டவ்லண்ட் 1597-இல் வெளியிட்ட முதல் பாடல் நூலில் உள்ள ‘கம், ஹெவி ஸ்லீப்’, படைப்பின் இறுதியில்தான் வருகிறது. மரணத்தின் சாயலே என்று உறக்கத்தை விளித்து அழைக்கும் பாட்டு அது. ஆகவே நீங்கள் கேட்பது, உறக்கம் வராத ஒருவர் படும் பாடு. பதற்றமும் தவிப்பும் கனவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன, பாட்டு மட்டும் வருவதில்லை.

ஆல்பத்தைச் சில நாள்கள் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பாட்டை ஒரு பாடகர் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தின் இசையுடன் பாடக் கேளுங்கள். பிரீம் கிட்டாரைப் போலவே லூட்டையும் வாசித்தவர். பிரிட்டனின் வாழ்க்கைத் துணைவரான பாடகர் பீட்டர் பியர்ஸுடன் சேர்ந்து டவ்லண்டின் பாடல்களை மேடையேற்றியவர். பழைய பாட்டும் புதிய கிட்டார் இசையும் ஒரே கலைஞரின் கைகளில் சந்தித்ததால்தான் இப்படியொரு படைப்பு பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாட்டு மனப்பாடமான பின், ‘நாக்டர்னல்’ எட்டாம் பகுதியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்; அது பாசகாலியா, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரின் மேல் கட்டப்படும் இசை வடிவம். கீழ்த்தந்திகளில் இறங்குமுகமான ஒரு சிறு தொடர் விடாமல் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் கொந்தளிப்பு ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல அடங்க, நீங்கள் அறிந்த பாட்டு அங்கே தானாக வந்து நிற்கும். அதன் பிறகு முதலிலிருந்து கேட்டால், சிதறல்களாகத் தோன்றியவற்றுள் அந்தப் பாட்டின் துணுக்குகளை அடையாளம் காண்பீர்கள்.

இன்னொரு ஆங்கில இசையமைப்பாளரான வில்லியம் வால்ட்டனின் ‘ஐந்து பகட்டெல்கள்’ என்ற சிறு கிட்டார் படைப்புகள் உங்கள் ஆல்பத்தில் இருந்தால், அவற்றுக்கு இத்தகைய முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம்.

டவ்லண்டை நீங்களே வாசிக்கும்போது, மூன்றாம் தந்தியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அப்போது தந்திகளுக்கு இடையிலான இடைவெளிகள் லூட்டில் உள்ளவாறே அமைவதால், கிட்டாரில் கடினமாக இருந்த பல விரலமைப்புகள் எளிதாகிவிடும். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போவும் (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால், முதல் தந்தி ஜி-யில் அமையும் லூட்டின் சுருதியே கிடைக்கும்.