ராமநாதபுரம் கடலோரத்தில் இரண்டு கறவை மாடுகளுக்கு ஆண்டு முழுவதும் தீவனத்துக்கு என்ன வழி?

கிணற்றுத் தண்ணீர் உப்பு, கோடையில் பசும்புல் இல்லை, கையில் இரண்டு கலப்பினப் பசுக்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் வைகாசியில் மாடு எதைத் தின்னும் என்பது தை, மாசி அறுவடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கோவை, ஈரோட்டுப் பக்கம் போல ஒரு ஏக்கர் நேப்பியர் தீவனப்புல்லை நம்பி இங்கே திட்டம் போடாதீர்கள். வைக்கோல், மர இலை, கொஞ்சம் புல் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் வைக்கோல். ஒரு பசுவுக்கு நாளைக்கு 5 முதல் 6 கிலோ என்றால் ஆண்டுக்கு 2 டன், இரண்டுக்கும் 4 டன். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் வயல்களில் அறுவடை நடக்கும்போதே வாங்கிவிடுங்கள். கட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் நாலைந்து கட்டுகளை நிறுத்துப் பாருங்கள், எடை கட்டுக்குக் கட்டு மாறும். பனி காய்ந்த பிறகு, முற்பகல் தாண்டித்தான் கட்டு போடச் சொல்ல வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூசணம் பிடிக்கும். அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், நஞ்சு பாலிலும் இறங்கும். வைக்கோல் படப்பைத் தரையில் போடாமல் பனங்கட்டை பரப்பி அதன் மேல் அடுக்குங்கள்.

வெறும் வைக்கோலில் சத்து குறைவு, யூரியாக் கரைசல் தெளித்துப் பதப்படுத்தினால் தேறும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் சீராகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வையுங்கள். ஓட்டை இருந்தால் அம்மோனியா வெளியேறிப் பூசணம்தான் மிஞ்சும். எடுத்ததும் போடாமல், காரமான வாடை போகும்வரை ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். மிகப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: யூரியா கரைத்த வாளியைத் தொழுவத்தில் விட்டுவிடக் கூடாது. மாடு அதைக் குடித்தால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும்.

பசுந்தீவனத்துக்கு 10 சென்ட் கம்பு நேப்பியர் போதும். தொழுவம் கழுவும் தண்ணீர் பாயும் இடமாகப் பாருங்கள். 60 செ.மீ.க்கு ஒரு பார் (உயர்த்திய மண் வரி) போட்டு, அதில் 50 செ.மீ. இடைவெளி விட்டால் சுமார் 1,350 கரணை (நடும் தண்டுத் துண்டு) பிடிக்கும். உப்பு நிலத்தில் கரணையைப் பாரின் உச்சியில் ஊன்றாதீர்கள். உப்பு அங்கேதான் ஏறி வெள்ளையாகப் படியும், பக்கவாட்டில் ஊன்றினால் பிழைக்கும். அன்றாடம் கொஞ்சமாகப் பாய்ச்சுவதைவிட, இடைவெளி விட்டு நிறையப் பாய்ச்சினால் உப்பு கீழே இறங்கும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நீர்ப்புல் நன்றாக வரும். குதிரைமசால் தீவனப்பயிர் உப்பைத் தாங்காது, விதைக் காசு வீண்.

மானாவாரியாகத் தீவனச் சோளம் போடலாம், ஆனால் பூக்கும் முன் அறுக்காதீர்கள். இளசாக இருக்கும்போதோ மழையின்றி வாடி நிற்கும்போதோ சோளத்தில் சயனைடு நஞ்சு கூடுதலாக இருக்கும். தின்ற மாடு நுரை தள்ளி, மூச்சிரைத்து விழுந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா, கொடுக்காப்புளி வையுங்கள். கோடையில் புல் அடங்கினாலும் இவை தழை தரும். அகத்தியை ஒரேயடியாக மொட்டையடித்தால் மரமே பட்டுவிடும், பக்கக் கிளையை மட்டும் ஒடியுங்கள். கிளைரிசிடியா வாடைக்கு மாடு முகம் திருப்பும். ஒரு ராத்திரி வாடவிட்டுப் போட்டால் பழகிக்கொள்ளும்.

நம் ஊரில் இலவசமாகக் கொட்டிக் கிடப்பது சீமைக்கருவேல நெற்று. மஞ்சளாகப் பழுத்ததைப் பொறுக்கி, குலுக்கினால் சலசலக்கும்வரை வெயிலில் காயவைத்து, விதை உடைய அரைத்து வாங்குங்கள். முழு நெற்றாகப் போட்டால் விதை சாணத்தில் அப்படியே வந்து, எரு போடும் நிலமெல்லாம் முளைக்கும். அதையே முழுத் தீவனமாக மாதக்கணக்கில் தின்னும் மாட்டுக்குத் தாடை இழுத்துக்கொண்டு மெல்ல முடியாமல் போகும். அடர்தீவனத்தில் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) 20 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள். 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 25, நெற்று மாவு 20, கடலைப்பிண்ணாக்கு 20, தேங்காய்ப்பிண்ணாக்கு 10, எண்ணெய் நீக்கிய தவிடு 22, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. ஒரு பசுவுக்கு நாளைக்கு உடம்பு காக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று கொடுங்கள். கடல் காற்றில் நெற்று மாவு ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பால் குறைந்தால் தொட்டித் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 5,000 வரை மாடு தாங்கும், முதலில் சாணம் இளகும். அதற்கு மேல் போனால் தண்ணீர் குடிப்பதும் பாலும் சேர்ந்து குறையும். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் அடர்தீவனத்தில் சாதா உப்பை மட்டும் நிறுத்துங்கள். தாது உப்புக் கலவையை நிறுத்தக் கூடாது.