மகள் பிசியோதெரபி படிக்கலாமா, ரோபோ வந்து வேலையைப் பறித்துவிடுமா?

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு பிசியோதெரபி மேல் ஆசை. நீங்களோ மனித உருவ ரோபோ ஒன்று நோயாளியைத் தூக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அவள் படித்து முடிப்பதற்குள் இந்த வேலையே இருக்காதோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். படிக்கட்டும், தடுக்காதீர்கள்.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் ரோபேர் என்ற ரோபோவைக் காட்டியது. கரடி முகம், 140 கிலோ எடை, நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும். உலகமே வியந்தது, ஆனால் அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது. பக்கவாதம் வந்தவரை ஒரு தெரபிஸ்ட் எழுப்பி நிற்கவைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்பது புரியும். செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். அவருடைய முழங்காலுக்குத் தன் முழங்காலால் அணை கொடுத்து, "மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும்" என்று முன்னால் சாயவைத்து, அவர் எழும்போது தொடை நடுங்குவதைக் கையால் உணர்ந்து, எவ்வளவு தாங்கலாம், எப்போது விடலாம் என்று அந்த நொடியிலேயே முடிவு செய்கிறார்.

அந்த "எப்போது விடலாம்" என்பதுதான் சிகிச்சையே. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகன் குழு உருவாக்கிய மேனஸ் என்ற கைப்பயிற்சி ரோபோ, நோயாளியின் முயற்சி குறையும் இடத்தில் மட்டும் கை கொடுக்கும். முழு வேலையையும் எந்திரமே செய்தால் நோயாளி சும்மா இருந்துவிடுவார், மூளையும் புதிதாக எதையும் பழகாது. சரி, யாருக்கு எவ்வளவு உதவி, எப்போது குறைப்பது என்று யார் சொல்வது? உங்கள் மகள் போன்றவர்கள்தான்.

ரோபோவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 58 செ.மீ. உயரமே உள்ள நாவோ என்ற குட்டி ரோபோ, ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு ஒரே விளையாட்டைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஆடும். பயிற்சியை எண்ணுவது, குறிப்பெடுப்பது, முதுகு ஒடியத் தூக்குவது இதெல்லாம் எந்திரத்துக்குப் போகட்டும். ஆளைத் தூக்கித் தூக்கியே முதுகு போனவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர்.

மகளிடம் உடற்கூறியல், நரம்பியல், உடல் இயக்கவியல் மூன்றையும் ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் தசை மின்சமிக்ஞையைப் படிக்கவும் பைத்தான் என்ற கணினி மொழியில் கொஞ்சம் நிரல் எழுதவும் பழகட்டும். பராமரிப்பு ரோபோக்களுக்கென ஐஎஸ்ஓ 13482 என்ற பாதுகாப்புத் தரநிலை 2014-லேயே வந்துவிட்டது, அதையும் ஒருமுறை பார்க்கட்டும். இவை தெரிந்த தெரபிஸ்ட் கருவியைச் சோதிக்கும் குழுவிலும், மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையிலும் சேரலாம்.

அவளுக்கு எந்திரம் செய்வதில்தான் உண்மையான ஆசை என்றால் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த படிப்பு) அல்லது பயோமெடிக்கல் (மருத்துவக் கருவிகள் சார்ந்த) பொறியியல் சரியான வழி. பெயரில் "ரோபோட்டிக்ஸ்" இருக்கிறது என்பதற்காக மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். மாணவர்கள் நோயாளிகளை எப்போது சந்திப்பார்கள் என்று கல்லூரியில் கேளுங்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு வாரம், அனுமதி வாங்கி, ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி மறுவாழ்வுப் பிரிவில் அவளை உட்காரவையுங்கள். ஏழாவது நாளும் போக வேண்டும் என்று அவள் கேட்டால் விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம்.