123456789: கால்குலேட்டர் இல்லாமல் காரணிகள் காண்பது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "123456789 பகா எண்ணா? இல்லையென்றால், கால்குலேட்டர் இல்லாமல் அதன் காரணிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? அது முழு வர்க்கமா என்றும் சொல்லுங்கள்."

பகா எண் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 45 வருகிறது, அதனால் 9ஆல் வகுபடும். 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டு எழுதினாலும் கூடுதல் அதே 45தான். ஆக, அப்படி எழுதும் 3,62,880 எண்களில் ஒன்றுகூடப் பகா எண் ஆகாது.

9ஆல் வகுத்தால் 13717421. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் தள்ளிவிடலாம். மூல எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து 789 − 456 + 123 என்று போட்டால் 456. அது இந்த மூன்றாலும் வகுபடாது, அதனால் மூல எண்ணும் வகுபடாது (7 × 11 × 13 = 1001 என்பதால் இந்த வழி செல்லும்). ஆனால் இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாகப் போனால், ஐந்நூற்றுக்கும் மேல் வகுத்த பிறகுதான் விடை கிடைக்கும். தேர்வு அறையில் அதற்கு நேரம் ஏது?

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா காட்டிய வழியை எடுங்கள். பள்ளியில் படித்த a² − b² = (a + b)(a − b) முற்றொருமைதான். எண்ணை a² − b² என்று எழுத முடிந்தால் காரணிகள் கிடைத்துவிடும்; அதற்கு, a²இலிருந்து எண்ணைக் கழித்தால் ஒரு வர்க்கம் வர வேண்டும். 13717421இன் வர்க்கமூலம் 3703ஐச் சற்றே தாண்டுகிறது. எனவே 3704இல் தொடங்குவோம். 3704²இலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 2195, அது வர்க்கம் இல்லை. சரி, அடுத்தது 3705. அதன் வர்க்கம் 13727025. கழித்தால் 9604, அதாவது 98². முடிந்தது! 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டும் பகா எண்கள்தாம். 61 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே உறுதியாகிவிடும்.

ஆக, 123456789 = 3² × 3607 × 3803. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2, மொத்தம் 12 வகுத்திகள். 3607 ஒரே ஒரு முறை வருவதால் முழு வர்க்கம் இல்லை. இதைக் காரணி இல்லாமலும் சொல்லலாம்: 11111² = 123454321, 11112² = 123476544. நம் எண் இவற்றின் நடுவில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. காரணிகள் அருகருகே இருந்தால்தான் ஃபெர்மா கைகொடுப்பார். 987654321ஐ 9ஆல் வகுத்து வரும் 109739369இல் இதே வழியில் இறங்கினால் ஒன்றே முக்கால் லட்சம் படிகளுக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். அங்கே சாதாரண வகுத்தலே போதும்: 17ஆல் இரண்டு முறை வகுபட்டு 379721 என்ற பகா எண்ணில் வந்து நிற்கும். அதனால் முதலில் சின்னப் பகா எண்களை முயன்று பாருங்கள், அப்புறம் ஃபெர்மாவிடம் போங்கள்.