பைபாஸுக்கு முன் உடல் அமைப்பு டெஸ்ட்: எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. 165 செ.மீ. உயரம், 60 கிலோ எடை. மூன்று வாரத்தில் பைபாஸ். செம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. ஒரு லேப் ஏஜென்ட் வீட்டுக்கே மெஷின் கொண்டுவந்து, உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கும் உடல் அமைப்பு டெஸ்ட் எடுத்து, ஐசியூவில் எத்தனை நாள் இருப்பார், எப்போது தேறுவார் என்று சொல்லிவிடலாம் என்கிறார். கூடவே புரோட்டீன் பவுடரும் வாங்கச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நாள் கணக்குச் சொல்லும் மெஷின் எதுவும் கிடையாது. ஆனால் ஏஜென்ட் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் பொய்யல்ல. தசை குறைந்தவர்கள் இதய ஆபரேஷனுக்குப் பிறகு மெதுவாகத்தான் தேறுகிறார்கள். அவர்களுக்குச் சிக்கல்களும் அதிகம். வென்டிலேட்டரை எடுத்தபின் தானாக மூச்சு விட, சளியை இருமித் துப்ப, புண் ஆற எல்லாவற்றுக்கும் தசைதான் கைமுதல். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பதால் சில வாரங்களுக்குக் கையை ஊன்றி எழக்கூடாது என்பார்கள். அப்போது கழிப்பறையிலிருந்து எழுவதற்குக்கூடத் தொடையில் பலம் வேண்டும்.

அப்பாவின் பிஎம்ஐ, அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண், 22. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும். அதை நம்பி உட்காராதீர்கள். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருப்பவருக்கும் அதே 22தான் வரும்.

அந்த மெஷின் தசையை நேராக அளப்பதில்லை. லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கும். மின்சாரம் நீரில் சுலபமாக ஓடும், கொழுப்பில் ஓடாது. அந்தத் தடையோடு உயரம், எடை, வயதைச் சேர்த்து 'இத்தனை கிலோ தசை' என்று ஒரு கணக்குப் போடுகிறது. இதய நோயாளிக்குக் காலில் நீர் கோத்திருந்தால் அந்த நீரையும் தசைக் கணக்கில் சேர்த்துவிடும். நீர் பிரியும் மாத்திரைக்கு முன் எடுத்தால் ஒரு எண், பின் எடுத்தால் வேறு எண். அதனால் சாப்பிட்ட கையோடு, ஹாலில் நிற்கவைத்து எடுத்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. வெறும் வயிறு, சிறுநீர் கழித்தபின், பத்து நிமிடம் படுத்த நிலையில் எடுப்பதே முறை. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எடுக்கவே கூடாது.

மருத்துவமனையிலேயே முறையாக எடுத்தால், 'ஃபேஸ் ஆங்கிள்' என்ற ஒரு வரியை மட்டும் கேட்டு வாங்குங்கள். செல்களின் நலத்தைக் காட்டும் கோணம் அது. குறைவாக இருந்தால் எச்சரிக்கை. மெஷினுக்கு மெஷின் மாறும் என்பதால் வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

இதைவிடச் செலவில்லாத வழிகள் உண்டு. கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி பிசியோதெரபிஸ்டிடம் இருக்கும். ஆசியர்களுக்கான அளவுகோலில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ் வந்தால் பலவீனம். கெண்டைக்காலின் தடித்த இடத்தில் தையல் டேப்பைச் சுற்றுங்கள், 34 செ.மீ.க்குக் குறைந்தால் சந்தேகம். முதலில் முன்னங்கால் எலும்பின் மேல் விரலை அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் வீக்கம், அந்த அளவை நம்ப வேண்டாம். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் பலவீனம்தான். இதை மட்டும் இதய டாக்டரிடம் கேட்காமல் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஆறு மாதத்தில் தானாக மூன்று கிலோ இளைத்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பவுடர் விஷயம். ஆபரேஷனை ஒட்டி ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது வழக்கமான இலக்கு. அப்பாவுக்கு 72 முதல் 90 கிராம். ரசம் சாதம், மோர் சாதத்தில் அது எட்டாது. முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். சுண்டலும் கெட்டிப் பருப்பும் வேளைக்கு வேளை சேரட்டும். இதெல்லாம் போதாதபோதுதான் பவுடர், அதுவும் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தால்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவு கிரியேட்டினின். அது தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதியவருக்குச் சிறுநீரகம் பாதி பழுதானாலும் கிரியேட்டினின் 0.9 என்று சாதுவாக வரும். 'நார்மல்தானே' என்று பவுடரை அள்ளிப் போடுவார்கள். யாருக்குத் தசை குறைவு என்று புரதம் கொடுக்க நினைக்கிறோமோ, அவருக்குத்தான் கிரியேட்டினின் டெஸ்ட் ஏமாற்றும். சர்க்கரை உள்ளவரென்றால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். தசை அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஏற்கெனவே சிறுநீரக டாக்டரிடம் காட்டுபவர் என்றால் புரத அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

அறுவை அபாயத்தைக் கணிக்கும் யூரோஸ்கோர் 2 கணக்கில் வயது, சிறுநீரகம், இதயத்தின் பம்ப் பலம் எல்லாம் உண்டு. தசை எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இடமில்லை. டயட்டீஷியனும் பிசியோவும் பல இடங்களில் ஆபரேஷனுக்கு முந்தைய நாள்தான் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே இரவில் யாருக்குத் தசை வளரும்? மூன்று வாரம் இருக்கிறது என்பது பெரிய வாய்ப்பு. இந்த வாரமே இருவரையும் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எத்தனை நிமிடம் நடக்கலாம், மூச்சுப் பயிற்சிக் கருவியை எப்படி ஊதாமல் உறிஞ்சி இழுப்பது என்று இப்போதே பழகட்டும். தசை ஏறட்டும் என்று நீங்களாகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் பிசியோ அப்பாவை மருத்துவமனைப் படியில் ஏற்றிப் பார்க்கவேண்டும். மூன்று மாடி என்பதை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் நாளில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உயரமான நாற்காலி ஒன்று போட்டுவையுங்கள்.