வள்ளலார் வேதாகமங்களுக்கு விரோதமாக எழுதினாரா? கேள்வி பதில்

எல்லோருக்கும் வந்தனம். "உங்கள் வள்ளலார் வேதத்தையும் ஆகமத்தையும் மறுத்தவர், அவரை எப்படி அருளாளர் வரிசையில் வைக்கிறீர்கள்?" என்று அவர் வழி நடக்கும் சன்மார்க்க அன்பர்களை மடக்குகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அதை ஒட்டி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். வள்ளலாரின் பாடல் தொகுப்பான அருட்பாவை பல வருடமாகப் படித்து வருகிறவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன், சன்மார்க்க சங்கத்தின் சார்பில் அல்ல.

கேள்வி: "வேதாகமங்களென்று வீண்வாதம் ஆடுகின்றீர்" என்று அவரே பாடியிருக்கிறார். இதைவிட நேரடியான வேத மறுப்பு என்ன வேண்டும்?

பதில்: முதலில் முழு வெண்பாவையும் பார்ப்போம் ஐயா. "வேதாகமங்களென்று வீண்வாதம் ஆடுகின்றீர் / வேதாகமத்தின் விளைவறியீர் / சூதாகச் சொன்னவலால் உண்மைவெளி தோன்ற உரைக்கவில்லை / என்ன பயனோ இவை." நம் ஆட்கள் முதல் இரண்டு வரியை மட்டும் சொல்லி, "பாருங்கள், வாதம் செய்கிறவர்களைத்தான் கண்டித்தார், நூல்களை அல்ல" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். எதிர்த்தரப்பு பின் இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு "நூலையே பயனில்லை என்றுவிட்டார்" என்பார்கள். இரண்டும் பாதிப் படிப்பு. அந்த நூல்களுக்கு ஒரு விளைவு உண்டு, அதை வாதம் செய்கிறவர்கள் அறியவில்லை, நூல்களும் அதை மறைவாகவே சொல்லி வைத்தன, வெளிப்படையாகச் சொல்லவில்லை, அதனால் வெறும் ஓதலில் பயன் இல்லை. இந்த நான்கும் சேர்ந்ததுதான் பாட்டு.

சரி, இப்படிச் சொல்வது வேத விரோதமா? முண்டக உபநிடதத்தின் தொடக்கத்தில் சௌனகருக்கு அங்கிரசு முனிவர் சொல்வதை எடுத்துப் பாருங்கள். அறிவு இரண்டு வகை, மேலானது ஒன்று, கீழானது ஒன்று என்கிறார். கீழான அறிவு எது என்று பட்டியல் போடும்போது முதலில் வருவதே ரிக், யசுர், சாமம், அதர்வணம் நான்கும்தான். அழிவில்லாத பொருளை எதனால் அடைகிறோமோ அதுவே மேலான அறிவு என்கிறார். வேதத்தின் முடிவில் நின்று வேதத்தையே இப்படிச் சொன்ன ரிஷியை யாரும் வேத விரோதி என்று சொல்லவில்லை. "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்" என்று கேட்ட அப்பர் பெருமானின் பாட்டை இன்றும் கோயிலில் ஓதுகிறோம். கடலூர்ப் பக்கத்து ராமலிங்கம் என்ற வள்ளலார் அதையே 19ஆம் நூற்றாண்டில் சொன்னால் மட்டும் ஏன் குற்றமாகிறது என்பதை கேட்கிறவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. 1872இல் அவர் அருளிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 வரி. அதன் தொடக்கத்திலேயே, "ஆகமமுடிமேல் ஆரணமுடிமேல் ஆகநின் றோங்கிய அருட்பெருஞ்ஜோதி" என்று வருகிறது. வேதத்துக்கும் ஆகமத்துக்கும் ஒரு முடி உண்டு, ஆண்டவர் அந்த முடிமேல் நிற்கிறார் என்கிறார். இது அவருடைய கடைசிக் காலப் பாட்டு. அந்த நூல்கள் முழுப் பொய் என்று நினைத்தவர் அவற்றின் முடியில் ஆண்டவரை நிறுத்திப் பாடியிருக்க மாட்டார்.

கேள்வி: பாட்டுக்கு எப்படியும் பொருள் சொல்லிவிடலாம். பேருபதேசம் என்ற அவருடைய பேச்சு உரைநடை. அதில் வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம் (பற்று) வைக்க வேண்டாம் என்கிறாரே. இதற்கு என்ன சமாதானம்?

பதில்: சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் சொன்னார், சொன்னபடிதான் அதைப் படிக்க வேண்டும். 1873 அக்டோபர் 22, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி ஏற்றிய அன்று பேசியது. தன்னோடு இருந்தவர்களைப் பார்த்து, இத்தனை காலம் வீணாகப் போய்விட்டது, இனியாவது விசாரம் செய்யுங்கள் என்று கெஞ்சுகிற பேச்சு அது. படிக்கிறவனுக்குக் கண் கலங்கும். அதில் தன் கதையையும் சொல்கிறார். தான் முதலில் சைவ சமயத்தில் வைத்திருந்த லட்சியம் இவ்வளவு என்று அளவு சொல்ல முடியாது, அது இப்போது எப்படிப் போய்விட்டது பாருங்கள் என்கிறார். ஆகவே கடைசிவரை அவர் வழக்கமான சைவராகவே இருந்தார் என்று சாதிக்கிற நம் அன்பர்கள், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் வாக்கையே மறைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆனால் ஏன் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார்? காரணத்தையும் அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். தெய்வம் இன்னபடி என்பதைக் கொஞ்சமும் வெளிப்படையாகச் சொல்லாமல் "மண்ணைப்போட்டு மறைத்துவிட்டார்கள்" என்கிறார். மண்ணைப் போட்டு மறைத்தார்கள் என்றால் உள்ளே ஒரு பொருள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பொருளே இல்லாத இடத்தில் மறைக்க என்ன இருக்கிறது? அவருடைய புகார், உண்மையை ஏன் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லவில்லை என்பதுதான். எட்ட முடியாமல் நிற்கிறோம் என்பதை அந்த நூல்களே ஒப்புக்கொள்கின்றன. "வேதங்கள் ஐயா எனவோங்கி ஆழ்ந்தகன்ற நுண்ணியனே" என்கிறது சிவபுராணம். சொற்கள் மனத்தோடு சேர்ந்து எட்ட முடியாமல் திரும்புகின்றன என்கிறது தைத்திரீய உபநிடதம். எட்டவில்லை என்று நூலே சொன்னால் பக்தி, அதையே வள்ளலார் சொன்னால் நிந்தை என்பது எந்த ஊர் நியாயம்?

கேள்வி: ஆறுமுக நாவலர் போன்ற பெரிய சைவ அறிஞர் சும்மாவா எதிர்த்திருப்பார்? நான் யாழ்ப்பாணத்துக்காரன், நாவலர் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை உண்டு.

பதில்: எனக்கும் உண்டு ஐயா. பழைய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவர அவர் பட்ட பாட்டை மறக்க முடியாது. வள்ளலார் பாட்டு அருட்பாவா, மருளில் பிறந்த மருட்பாவா என்று நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் எழுதிய ஏச்சுகளை இன்று நாம் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

ஆனால் எதை எதிர்த்தார் என்பதைப் பாருங்கள். தேவாரம் திருவாசகம் போன்றவை மட்டுமே அருட்பா, மற்றொருவர் பாட்டுக்கு அந்தப் பெயரும் திருமுறை என்ற பகுப்பும் ஆகாது என்பது அவர் வாதத்தின் முக்கியமான பகுதி. அந்தப் பெயரை வைத்தது வள்ளலார் அல்ல. 1867இல் முதல் நான்கு திருமுறைகளும் அச்சானபோது பெயரும் பகுப்பும் தந்தவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். வள்ளலாருக்கு தன் பாட்டு அச்சேறுவதிலேயே பெரிய ஆர்வம் இல்லை, இறுக்கம் இரத்தின முதலியார் விடாமல் வற்புறுத்தித்தான் சம்மதம் கிடைத்தது. அவருக்கு எழுதிய கடிதத்தில், இராமலிங்கசாமி என்று போடுவது எனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படி வழங்க வேண்டாம் என்கிறார். தன் பெயருக்குப் பின்னால் சாமி என்று சேர்ப்பதற்கே கூசியவர், தன்னைத் திருமுறை ஆசிரியர் வரிசையில் தானே உட்கார வைத்துக்கொண்டார் என்று சொல்வது பொருந்தவே இல்லை.

வேதாகமங்களைப் பற்றிய கடுமையான பாட்டுகள் இருப்பது பெரும்பாலும் அருட்பாவின் ஆறாம் திருமுறையில். அது அச்சில் வந்தது 1885இல். நாவலர் மறைந்தது 1879இல். ஆக, "சாத்திர விரோதம்" என்று இன்று காட்டப்படும் பாட்டுகளுக்கும் நாவலர் நடத்திய விவாதத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அவர் பெயரைச் சொல்லி இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறவர்கள் வருடத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: ஒரு முஸ்லிம் புலவர் அருட்பாவுக்காக வாதாடினார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. நாகர்கோவில் கோட்டாறு பக்கத்தைச் சேர்ந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். நா. கதிரைவேற்பிள்ளை என்ற சைவ அறிஞர் மறுபடியும் மருட்பா வாதத்தைக் கிளப்பியபோது மேடையேறி மறுத்தவர் அவர். மறைமலையடிகளும் அருட்பா பக்கம் நின்றார்.

கேள்வி: என் மாமனார் சன்மார்க்கி. அவர் விருப்பப்படி அடக்கம் செய்தோம். சொந்தக்காரர்கள் இன்றுவரை "வேதப்படி எரிக்கணும், நீங்கள் பாவம் செய்துவிட்டீர்கள்" என்று குத்திக்காட்டுகிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

பதில்: அம்மா, நீங்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. அவர் விருப்பத்தை நிறைவேற்றியிருக்கிறீர்கள். வேதம் என்று பேசுகிறவர்களிடம் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம், 18ஆம் சூக்தத்தை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறந்தவரைப் பார்த்து, உன் தாயான பூமியிடம் போ என்கிறது. பிறகு பூமியைப் பார்த்து, தாய் தன் பிள்ளையை முந்தானையால் மூடுவது போல இவரை மூடிக்கொள், அழுத்திவிடாதே என்று வேண்டுகிறது. அதே மண்டலத்தின் 15ஆம் சூக்தம் தீயில் எரிக்கப்பட்ட முன்னோர், எரிக்கப்படாத முன்னோர் என்று இரு சாராரையும் சேர்த்தே அழைக்கிறது. இரண்டு வழக்கமும் அன்றே இருந்திருக்கிறது.

திருமூலரும் ஞானியின் உடலைத் தீயில் இடக்கூடாது என்று சமாதிக் கிரியையில் பாடுகிறார். இதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். திருமூலர் சொன்னது ஞானிகளுக்கு. வள்ளலார் அதை எல்லோருக்கும் ஆக்கினார். அது அவர் செய்த விரிவு. சாதாரண மனிதனின் உடம்பும் அருள் இறங்கத் தகுந்த இடம் என்று நினைத்தவர் வேறு எப்படிச் சொல்வார்?

கேள்வி: பிறந்தவனுக்கு இறப்பு நிச்சயம் என்கிறது கீதை. மரணமிலாப் பெருவாழ்வு என்கிறார் இவர். இது நேர் முரண்தானே?

பதில்: கீதை அங்கே பேசுவது போர்க்களத்தில் கலங்கி நிற்கும் அர்ச்சுனனிடம், எல்லோருக்கும் பொதுவான நிலையைப் பற்றி. வள்ளலாரும் அந்தப் பொது நிலையை மறுக்கவில்லை, அருளைப் பெறாத தேகம் அழியும் என்றுதான் அவரும் சொன்னார். அருள் பெற்றால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. யோகத் தீயால் ஆன உடம்பைப் பெற்றவனுக்கு நோய் இல்லை, மூப்பு இல்லை, மரணம் இல்லை என்று சுவேதாசுவதர உபநிடதம் இரண்டாம் அத்தியாயத்தில் தெளிவாகவே சொல்கிறது. நல்லூர்ப் பெருமணத்தில் திருமணக் கூட்டத்தோடு சோதியில் கலந்தார் சம்பந்தர். தில்லையில் கலந்தார் மாணிக்கவாசகர். பெரிய புராணத்தையும் திருவாதவூரர் வரலாற்றையும் அப்படியே நம்புகிறவர், 1874 தைப்பூசத்தில் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய் மறைந்த வள்ளலாரைப் பற்றிக் கேட்டதும் "சாத்திரத்தில் இடமில்லை" என்கிறார். நம்பாவிட்டால் நம்ப வேண்டாம், அது அவரவர் உரிமை. ஆனால் சாத்திரத்தைக் காரணம் காட்ட முடியாது.

கேள்வி: வருணாசிரமம்?

பதில்: இங்கே முரண் உண்டு, நான் மறைக்க மாட்டேன். "நால்வருணம் ஆசிரமம் ஆசாரம் முதலா நவின்ற கலைச்சரிதம் எல்லாம் பிள்ளைவிளையாட்டே" என்று பாடியவரை எந்த உரை எழுதியும் தர்ம சாத்திரத்தோடு ஒட்ட வைக்க முடியாது, ஒட்டவும் கூடாது. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற திருமூலரோடு அவர் ஒட்டுகிறார், அது போதும். நூல்களுக்குள்ளேயே இரண்டு குரல் இருக்கும்போது ஒருவர் எந்தக் குரலோடு நின்றார் என்பதுதான் கேள்வி.

கேள்வி: வேதத்தில் யாகப் பலி இருக்கிறது. கொல்லாமையை முதல் விதியாக வைத்தது அதற்கு விரோதம் இல்லையா?

பதில்: விரோதம் என்றால் அது வள்ளுவரிடமிருந்தே தொடங்குகிறது. "அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று." அதற்காக யாரும் வள்ளுவரை ஒதுக்கவில்லை. ஆடும் பன்றியும் கோழியும் பலிக்குப் போவதைக் கண்டு புந்தி நொந்து உள்ளம் நடுங்கினேன் என்று பாடுகிறார் வள்ளலார் பெருமானார். அவருக்கு அது சாத்திரப் பிரச்சினையே அல்ல, கண்ணால் கண்ட வலி.

1867 மே 23இல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டினாரே, அதற்கும் ஆதாரம் கேட்கிறவர்கள் உண்டு. கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் அடியாருக்குப் போய்ச் சேராது, அடியாருக்குக் கொடுப்பது இறைவனுக்கே போய்ச் சேரும் என்று திருமந்திரம் சொல்கிறது. இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? வேதாகமங்களைப் பழித்தார் என்று 150 வருடமாகச் சொல்லப்படுகிற மனிதர், அந்தத் திருமந்திரப் பாட்டைச் செய்துகாட்ட ஒரு சாலையே கட்டி, சாதி கேட்காமல் பசித்தவருக்குச் சோறு போட்டார். எனக்கு இந்த விவாதத்தில் கோபம் வருவது இந்த ஓர் இடத்தில்தான்.

கேள்வி: உருவ வழிபாட்டை மறுத்தாரா?

பதில்: திருத்தணி முருகனையும் ஒற்றியூர் தியாகேசரையும் உருகி உருகிப் பாடியவர், பிறகு சத்திய ஞானசபையில் ஏழு திரைக்குப் பின்னால் ஜோதியை மட்டும் வைத்தார். மறுத்தார் என்பதைவிட அதைத் தாண்டிப் போனார் என்பேன்.

கேள்வி: கல்லூரி மாணவன். எதைப் படித்து இதற்கெல்லாம் நானே பதில் சொல்லக் கற்றுக்கொள்வது?

பதில்: தம்பி, முதலில் ஜீவகாருண்ய ஒழுக்கம். உரைநடைதான், கொஞ்சம் பழைய நடை, ஆனால் புரியும். அப்புறம் அகவல், அப்புறம் பேருபதேசம். ஆறாம் திருமுறையை அதற்குப் பிறகு தொடு. பாடல்களைக் கால முறைப்படி அடுக்கிய ஊரன் அடிகள் பதிப்பு கிடைத்தால் அதை வாங்கு, சென்னையில் இருந்தபோது பாடியது எது, கருங்குழியில் எது, வடலூரில் எது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். யாராவது ஒற்றை வரியைப் படத்தில் போட்டு அனுப்பி "இதற்கு என்ன சொல்கிறாய்" என்று கேட்டால் உடனே பதில் எழுதாதே. அந்த முழுப் பாட்டையும் எடுத்து, முன்னும் பின்னும் உள்ள இரண்டு பாட்டையும் படித்துவிட்டு எழுது.